தோள்ல துணி, இடுப்புல குடம்: குமரியில நாலு நாள்

நாள் 1, சனிக்கிழமை

காலையில ஆறு மணிக்கு நாகர்கோவில் ஜங்ஷன்ல இறங்கினப்போ சிணுசிணுன்னு மழை. அம்மா குடையை விரிச்சுக்கிட்டே "நம்ம ஊரு மழையாக்கும்"னு ஏதோ அவங்களே பெஞ்ச மாதிரி சொன்னாங்க. நாங்க மூணு பேரு, அம்மா (68), நான், ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணு. கோயம்புத்தூர்ல இருந்து ராத்திரி ரயில்.

எதுக்கு இந்த பயணம்னா, போன மாசம் பழைய புக்கெல்லாம் எடைக்குப் போட எடுத்தப்போ அண்ணன் பையனோட ஒன்பதாம் கிளாஸ் சோஷியல் புக் கிடைச்சுது, அதுல உடைகளோட வரலாறுன்னு ஒரு பாடம், அதுக்குள்ள திருவிதாங்கூர் தோள்சீலைக் கலகம், அதாவது பொண்ணுங்க மேல்துணி போடுற உரிமைக்காக நடந்த சண்டை பத்தி ஒரு பகுதி. என் பொண்ணு புக்ல தேடினா இல்ல. விசாரிச்சா 2016 டிசம்பர்லயே சிபிஎஸ்இ சுற்றறிக்கை விட்டு அந்தப் பகுதியில இருந்து பரீட்சைக்குக் கேள்வி வராதுன்னு சொல்லியிருக்காங்க, அப்புறம் மொத்தப் பாடத்தையும் தூக்கிட்டாங்க. "அப்படி என்னம்மா அதுல இருக்கு"ன்னு கேட்டா. அம்மா இரணியல் பக்கத்துல பிறந்தவங்க, அவங்ககிட்ட கேளுன்னேன். அம்மா "அதெல்லாம் எங்க பாட்டி காலத்துக்கும் முன்ன, எனக்கு என்ன தெரியும்"னு நழுவிட்டாங்க. சரி நேர்லயே போயிடுவோம்னு டிக்கெட் போட்டாச்சு.

இன்னிக்கு பெருசா ஒண்ணும் இல்ல. புட்டு, பயறு, பப்படம், மட்டிப்பழம். அப்புறம் தூக்கம். சாயங்காலம் கஸ்பா சபை, அதாவது ஹோம் சர்ச். 1819-ல அடிக்கல் போட்டது, லண்டன் மிஷன்காரங்க கட்டினது. அதுக்கும் முன்னாடியே 1809-ல மைலாடியில முதல் சர்ச் எழும்பியாச்சு, அதே மிஷன்ல இருந்து வந்த ரிங்கல்தௌபேங்கிற ஜெர்மன்காரர், அவரைக் கூட்டிட்டு வந்த மகராசன் வேதமாணிக்கம்னு உள்ளூர்க்காரர். மிஷன் வந்தது மதம் பரப்பத்தான், அதுல மறைக்க ஒண்ணுமில்ல, ஆனா கூடவே ஸ்கூல் வந்துச்சு, அச்சு வந்துச்சு, லேஸ் வந்துச்சு.

லேஸ்னா சாதாரண விஷயம் இல்ல. மார்த்தா மால்ட்னு ஒரு மிஷனரி மனைவி 1820-கள்ல இங்க பொம்பளப் பிள்ளைங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக் கொடுத்தாங்க. அதுல பல பிள்ளைங்க அடிமைங்க. ஆமா, நிலத்தோட சேர்த்து விக்கிற, வாங்குற அடிமைங்க. லேஸ் வித்த காசை வச்சு தன்னைத்தானே மீட்டுக்கிட்ட பிள்ளைங்களும் இருந்திருக்காங்க. திருவிதாங்கூர்ல அடிமை முறையை ஒழிச்சது 1855-ல தான்.

அம்மாகிட்ட பழைய லேஸ் வச்ச தலையணை உறை ஒண்ணு இருக்கு, அவங்க கல்யாணத்துக்கு வந்தது. அது வெறும் டிசைன்னு தான் இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன்.

நாள் 2, ஞாயிறு

இன்னிக்கு கொஞ்சம் நீளமா எழுதுவேன், முடிஞ்சவங்க படிங்க.

வாடகைக் கார் டிரைவர் ஒரு தம்பி, முப்பது வயசு இருக்கும். சாமித்தோப்பு போகணும்னதும் "அக்கா, நம்ம பதியாக்கும் அது"ன்னு முகமெல்லாம் சிரிப்பு. பதின்னா அய்யா வைகுண்டரைக் கும்பிடுற இடம். அங்க போனதும் சட்டையைக் கழட்டி கார்ல போட்டுட்டு தோள்ல கிடந்த துண்டை எடுத்து தலைப்பாகையா கட்டிக்கிட்டான். பொண்ணு ஆச்சரியமா பாத்தா. எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான் உள்ள போறாங்க. கோயில்ல போய் தலைப்பாகையான்னு கேட்டா, தலைப்பாகை கட்டினா அடி விழுந்த காலத்துல, சாமி முன்னாடி தலைப்பாகையோட தான் நிக்கணும்னு வச்சாரு வைகுண்டர். அவ்வளவுதான் விளக்கம்.

1809-ல பிறந்தவரு அய்யா வைகுண்டர். சாதிக்கொடுமையை எதிர்த்துப் பேசினதுக்காக சுவாதித் திருநாள் ராஜா அவரைப் பிடிச்சுட்டுப் போய் திருவனந்தபுரத்துல சிங்காரத்தோப்பு சிறையில போட்டாரு. (சுவாதித் திருநாள்னா நமக்கு கர்நாடக சங்கீதம் தான் ஞாபகம் வரும், கீர்த்தனை எழுதின அதே ராஜா தான்.) 1851 வரைக்கும் வாழ்ந்தாரு. உள்ள சிலை கிடையாது. ஒரு கண்ணாடி, ரெண்டு பக்கமும் விளக்கு. கும்பிட்டா உன் மூஞ்சி தான் தெரியும். பொண்ணு அவ கலைஞ்ச முடியைப் பாத்து சரி பண்ணிக்கிட்டா, பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் சிரிச்சுட்டு "அதுக்குந்தான் மக்ளே வச்சிருக்கு"ன்னாரு.

வெளிய முத்திரிக்கிணறு. எல்லா சாதியும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்கணும், ஒரே கிணத்துல குளிக்கணும்னு அவர் வெட்டவச்சது. இன்னிக்கும் வர்றவங்க அங்க தான் தலையில தண்ணி ஊத்திக்கிறாங்க. டிரைவர் தம்பி ஒரு வாளி இறைச்சு பொண்ணு கையில ஊத்தினான். அவ்வளவு சில்லுனு.

கிணத்தடியில உக்காந்து தான் பொண்ணுக்கு விவரமா சொன்னேன். இந்த தென் திருவிதாங்கூர்ல அன்னிக்கு சாணார்னு சொல்லப்பட்டவங்களுக்கு, அதாவது இப்போ நாடார்னு சொல்ற எங்க ஆட்களுக்கு, என்னெல்லாம் கூடாதுன்னு மிஷன்காரங்க எழுதி வச்சிருக்கிற பட்டியல்ல குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்க நகை கூடாது, மாடி வச்சு வீடு கட்டக் கூடாது, பசு இருந்தாலும் பால் கறக்கக் கூடாது, பொம்பளைங்க மாருக்கு மேல துணி போடக் கூடாது, அப்புறம் தண்ணிக்குடத்தை இடுப்புல வைக்கக் கூடாதுன்னும் இருக்கு. தலையில தான் சுமக்கணுமாம்.

"இடுப்புல வச்சா என்ன?"ன்னா பொண்ணு.

எனக்கும் பதில் தெரியல. அப்போ தெருக்குழாய்ல இருந்து ஒரு அக்கா பச்சைக் கலர் பிளாஸ்டிக் குடத்தை இடுப்புல தூக்கி வச்சு, ஒரு கையில போன்ல பேசிக்கிட்டே, இடுப்பை ஒரு பக்கமா ஒடிச்சு, தண்ணி தளும்பி பாவாடை ஓரம் நனைய எங்களைக் கடந்து போனாங்க. மூணு பேரும் அவங்க திரும்புற வரைக்கும் பாத்துட்டே இருந்தோம். அவங்க கொஞ்சம் பயந்திருப்பாங்க.

துணி விஷயத்துக்கு வரேன். கிறிஸ்தவத்துக்கு மாறின பொண்ணுங்க குப்பாயம் (ரவிக்கை மாதிரி ஒரு சட்டை) போடலாம்னு 1810-கள்லயே திருவிதாங்கூர்ல பிரிட்டிஷ் ரெசிடென்ட்டா இருந்த கர்னல் மன்றோ உத்தரவு போட்டும் அது நிலைக்கல. அவங்க வெறும் குப்பாயத்தோட நிக்காம மேல்சாதி பொண்ணுங்க மாதிரி தோள்சீலையும் போட ஆரம்பிச்சாங்க, அங்க தான் பிரச்சினை வெடிச்சுது. 1822-ல கல்குளம், இரணியல் பக்கம், சந்தைக்கு வந்தவங்க தோள்ல இருந்து துணியைப் பிடிச்சு கிழிச்சாங்க. 1828-29-ல மறுபடி, இந்த தடவை ஸ்கூலும் ஜெபக்கூடமும் தீ வச்சாங்க. 1829-ல அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னா, தோள்சீலை போட உரிமை இல்லன்னு ஆணை போட்டுச்சு. கிழிச்சவனுக்கு இல்ல, போட்டவளுக்கு. 1858-59-ல மூணாவது கலகம். மெட்ராஸ் கவர்னர் ட்ரெவல்யன் வரைக்கும் விஷயம் போயி, அவர் நெருக்கி, 1859 ஜூலை 26-ம் தேதி உத்திரம் திருநாள் ராஜா பிரகடனம் போட்டாரு. மேல்துணி போட்டுக்கலாம். ஆனா மேல்சாதிப் பொண்ணுங்க போடுற மாதிரி போடக் கூடாது.

நாப்பது வருஷம் சண்டை போட்டு வாங்கினதுலயும் ஒரு 'ஆனா'.

இன்னொன்னு, வாட்ஸப்ல முலைவரி, மார்பை அறுத்துக் கொடுத்த பெண்னு ஒரு கதை வருஷா வருஷம் சுத்தும். அது சேர்த்தலைப் பக்கத்து வாய்மொழிக் கதை. அதைப் பொய்யின்னு நான் சொல்ல வரல, ஆனா இங்க நடந்ததுக்கு தேதி இருக்கு, ஆணை இருக்கு, மிஷன்காரங்க கடிதம் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு ரத்தம் தெறிக்கிற படத்தை மட்டும் ஃபார்வர்ட் பண்றது எனக்கு என்னமோ பிடிக்கல.

மத்தியானம் சுசீந்திரம். தாணுமாலயன் கோயில், இசைத்தூண், பெரிய அனுமார், எல்லாரும் எழுதியாச்சு, விடுறேன். இங்க 'கைமுக்கு'ன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு, குற்றம் சாட்டப்பட்டவன் கொதிக்கிற நெய்யில கையை முக்கணும், கை வேகலைன்னா குற்றமில்ல. அந்தக் கொடுமையை நிறுத்தினது யார் காலத்துலன்னா, அதே சுவாதித் திருநாள். மனுஷங்களை ஒரு பக்கமா வச்சு எழுதவே விட மாட்டேங்குது இந்த ஊரு.

தெருவைக் காட்டி பொண்ணுகிட்ட சொன்னேன், 1926-ல டாக்டர் எம்பெருமாள் நாயுடு எல்லாம் சேர்ந்து இங்க சத்தியாகிரகம் பண்ணாங்க, கோயிலுக்குள்ள போறதுக்கு இல்ல, கோயிலைச் சுத்தி இருக்கிற இந்த தெருவுல நடக்குறதுக்கு. கோயிலுக்குள்ள விட்டது 1936 நவம்பர் 12 பிரகடனத்துக்கு அப்புறம். "நாம இப்போ நடக்குற இதே ரோடா?" இதே ரோடு தான். அதுல ஒரு மாடு குறுக்க படுத்திருந்துச்சு, நாங்க சுத்திப் போனோம்.

ராத்திரி ரூம்ல பொண்ணு ரொம்ப கோவமா இருந்தா. நம்மளை இப்படியெல்லாம் பண்ணாங்களான்னு. நானும் ஆமா ஆமான்னு ஏத்தி விட்டுட்டு இருந்தேன். கட்டில்ல கால் நீட்டி தைலம் தேச்சுக்கிட்டு இருந்த அம்மா திடீர்னு சொன்னாங்க: "நம்ம வீட்டுலயும் உண்டும்லா."

என்னதும்மா?

"பின்வாசல்ல. வேலைக்கு வருவாவல்லா ஒருத்தி. அவளுக்கு சிரட்டையில தான் சாயா. வேலியில செருகி வச்சிருக்கும், அவளே எடுத்துக் கழுவி நீட்டுவா, எங்கம்மை எட்டி நின்னு மேல இருந்து ஊத்துவா."

பொண்ணு கேட்டா, "பாட்டி, அவங்களை என்னன்னு கூப்பிடுவீங்க?"

"பேரைச் சொல்லித்தான்."

"அவங்களுக்கு எவ்ளோ வயசு?"

அம்மா தைல பாட்டிலை மூடி வச்சாங்க. "அப்பவே நரைச்ச தலை. எனக்கு ஏழோ எட்டோ இருக்கும்."

லைட்டை அணைச்சுட்டோம். எனக்கு தூக்கம் வரல, அதான் உக்காந்து இவ்வளவும் எழுதிட்டேன்.

நாள் 3, திங்கள்

தப்பு என்னோடது தான். பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை லீவு. கேட் முன்னாடி போய் நின்னப்புறம் தான் போர்டைப் பாக்குறேன். டிரைவர் தம்பி "நான் நேத்தே சொல்லணும்னு நெனச்சேன் அக்கா"ன்னான். நினைச்சு என்ன பிரயோஜனம். சரின்னு குளச்சல் பக்கம் வண்டியைத் திருப்பினோம்.

குளச்சல்ல கடற்கரையில வெற்றித்தூண். 1741-ல மார்த்தாண்ட வர்மா படை டச்சுக்காரங்களை இங்க தோற்கடிச்சுது. ஐரோப்பியக் கம்பெனி ஒண்ணை ஒரு இந்திய ராஜா அடிச்சு விரட்டினதுன்னு எல்லா கைடும் சொல்லுவாங்க, பெருமைதான். பொண்ணு போட்டோ எடுத்தா.

அங்க இருந்து கொஞ்ச தூரத்துல கொட்டில்பாடு. 2004 டிசம்பர் 26, அன்னிக்கு ஞாயிறு, கிறிஸ்மஸுக்கு மறுநாள். தமிழ்நாட்டுல நாகப்பட்டினத்துக்கு அடுத்து சுனாமி அதிகமா சாகடிச்சது இந்த மாவட்டத்துல தான். இங்க கடலுக்கும் ஊருக்கும் பின்னால ஏ.வி.எம். கால்வாய் ஓடுது, திருவனந்தபுரத்துல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் படகு விடலாம்னு 1860 வாக்குல வெட்ட ஆரம்பிச்சு மண்டைக்காட்டோட நின்னுபோன கால்வாய். அலை வந்தப்போ முன்னால கடல், பின்னால கால்வாய். ஓடினவங்க நிறைய பேரு அதுல தான் மாட்டிக்கிட்டாங்க. இப்போ அந்தக் கால்வாயைப் பாத்தா ஆகாயத்தாமரையும் குப்பையும், ஆடு மேஞ்சுக்கிட்டு இருக்கு, இதுலயா அத்தனை உயிரு போச்சுன்னு நம்ப முடியல.

மொத்தமா அடக்கம் பண்ணின இடத்துல மெழுகு உருகி உருகி தரையோட ஒட்டிக் கிடந்துச்சு. பக்கத்துல வலை பின்னிட்டு இருந்த ஒரு அம்மா "ஆரு தேடி வந்திய?"ன்னு கேட்டாங்க. சும்மா பாக்க வந்தோம்னு சொல்ல வாய் வரல. அம்மா தான் சமாளிச்சு, பக்கத்துல உக்காந்து, மீன் என்ன வெலன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் பேசினாங்க. சுனாமி பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. எழும்பும்போது அந்த அம்மா பொண்ணு கன்னத்தைத் தடவி "கடல்ல காலு நனைக்கணும்னா அங்கன போவாத மக்ளே, இழுக்கும்"னு சொல்லி அனுப்பினாங்க.

திரும்பற வழியில மண்டைக்காடு. 1982 மார்ச், இங்க நடந்த இந்து கிறிஸ்தவக் கலவரமும் போலீஸ் துப்பாக்கிச் சூடும். வேணுகோபால் கமிஷன்லாம் போட்டாங்க. குன்றக்குடி அடிகளார் இந்தக் கடற்கரையில ஊர் ஊரா நடந்து சமாதானம் பேசினாரு. அம்மா அந்த சமயம் கைக்குழந்தையோட தாய்வீட்டுக்கு வந்து மாட்டிக்கிட்டாங்களாம், ராத்திரி லைட் போடாம உக்காந்திருந்தது மட்டும் ஞாபகம்னாங்க. டிரைவர் தம்பி பாட்டு சத்தத்தைக் கூட்டிட்டான். அவன் பிறக்காத காலத்துக் கதை, ஆனா அதைப் பேசினா வண்டிக்குள்ள காத்து மாறிடும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். பொண்ணுக்கு எரிப்பு தாங்கல.

நாள் 4, செவ்வாய்

இன்னிக்கு அரண்மனை திறந்திருந்துச்சு. தமிழ்நாட்டுக்குள்ள இருக்கு, பராமரிக்கிறது கேரள அரசு, டிக்கெட்ல மலையாளம். 1956 நவம்பர் 1-ல மாவட்டம் இந்தப் பக்கம் வந்தப்போ அரண்மனை மட்டும் அவங்க கையிலயே நின்னுடுச்சு. அந்த இணைப்புக்காக 1954 ஆகஸ்ட் 11-ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டு செத்தவங்க நினைவிடத்துக்கும் போகணும்னு லிஸ்ட்ல இருந்துச்சு, ராத்திரி ரயில் இருந்ததால முடியல. அடுத்த தடவை.

அழகுல குறை சொல்ல முடியாது. மரவேலையைப் பாத்துட்டே இருக்கலாம். ஊட்டுப்புரைன்னு ஒரு நீளமான மண்டபம், கீழ ஆயிரம் மேல ஆயிரம்னு ரெண்டாயிரம் பேருக்கு தினம் இலவச சாப்பாடு போட்டாங்களாம். பொண்ணு கைடு அம்மாகிட்ட "யாருக்கு?"ன்னு கேட்டா. பிராமணர்களுக்குன்னாங்க. "வேற யாருக்கும் இல்லையா?" கைடு சிரிச்சுட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க, பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க.

மியூசியம் பகுதியில ஆள் உருவத்துக்கு அடிச்ச ஒரு இரும்புக்கூடு இருக்கு. தலைக்கு ஒரு வளையம், நெஞ்சுக்கு, தொடைக்கு. மரண தண்டனை கைதியை உயிரோட உள்ள பூட்டி மரத்துல தொங்கவிட்டு பறவைங்களுக்கு விட்டுடுவாங்களாம். ஒரு குடும்பம் அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துச்சு, சின்னப் பையன் கையைக் காலை விரிச்சு அதே போஸ். பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டா, ரொம்ப நாளாச்சு அவ அப்படிப் பிடிச்சு.

அப்புறம் அந்த கருப்புத் தரை. செருப்பில்லாம நடந்தா கண்ணாடி மேல நடக்குற மாதிரி, மேல உள்ள உத்தரம் அப்படியே கீழ தெரியுது. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சிரட்டைக்கரி எல்லாம் சேர்த்து இழைச்சதுன்னு கைடு சொன்னாங்க. அம்மா அப்படியே நின்னுட்டாங்க. குனிஞ்சு உள்ளங்கையால தரையை ஒரு தடவை தடவிப் பாத்தாங்க. கால் வலிக்குதோன்னு நினைச்சேன். "ஒண்ணுமில்ல பிள்ள, நட"ன்னாங்க.

உதயகிரிக் கோட்டை பக்கத்துலயே, புலியூர்க்குறிச்சியில. குளச்சல்ல தோத்துப் பிடிபட்ட டச்சு கேப்டன் டி லனாய் அப்புறம் அதே மார்த்தாண்ட வர்மாவுக்கு தளபதியாகி, 1777-ல செத்து, இந்தக் கோட்டைக்குள்ள தான் கிடக்காரு. கல்லறையில லத்தீன்லயும் தமிழ்லயும் எழுத்து. அவரோட பழக்கத்துல 1745-ல கிறிஸ்தவரான அரண்மனை அதிகாரி நீலகண்டப் பிள்ளை, அதான் தேவசகாயம், அவரை எருமை மேல ஏத்தி ஊர் ஊரா இழுத்துட்டுப் போய், 1752-ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. 2022-ல போப் அவரைப் புனிதர்னு அறிவிச்சாரு. பிடிபட்ட எதிரிக்கு பதவி, சொந்த ஊர்க்காரனுக்கு குண்டு. எனக்கு இந்த ராஜா கணக்கு புரியல.

மூணு மணி இருக்கும். நாகர்கோவில் திரும்பலாம்னு வண்டி எடுத்தப்போ அம்மா டிரைவர்கிட்ட, "தம்பி, இரணியல் வழியா போவலாமா"ன்னு கேட்டாங்க.

அம்மா பிறந்த வீடு எப்பவோ வித்தாச்சு. அங்க இப்போ ரப்பர் ஷீட் குடோன். அதைப் பாக்கக் கூட அம்மா திரும்பல. முக்குல இருந்த பெட்டிக்கடையில போய் மெதுவா விசாரிச்சாங்க, ஒரு பேரைச் சொல்லி (அந்தப் பேரை நான் இங்க எழுதல), அவ பிள்ளைங்க யாராவது இருக்காங்களான்னு. கடைக்காரர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஓ, அவுங்களா, அவுங்க போயி வருசம் என்னாச்சு. பேரன் கல்ஃப்ல இருக்கான்லா. அன்னா தெரியுதே மாடி வீடு, அதாக்கும்"னாரு. அம்மா கடையில அரை டஜன் மட்டிப்பழம் வாங்கினாங்க. பையில ஏற்கனவே ரெண்டு டஜன் இருக்கு.

ரெண்டு மாடி. வெளிர் மஞ்சள் பெயின்ட், வாசல்ல டைல்ஸ், ஸ்டீல் கேட். மேல பால்கனியில துணி காயுது. அம்மா கேட்டுக்கு முன்னாடி பழப்பையோட நின்னாங்க. நானும் பொண்ணும் நாலடி பின்னால. காலிங் பெல் கேட்டு பக்கத்துலயே இருந்துச்சு, கை நீட்டினா எட்டும். உள்ள நாய் குரைச்சுது.

பால்கனியில இருந்து ஒரு பொண்ணு எட்டிப் பாத்தாங்க, என் வயசு தான் இருக்கும், காயப்போட்ட துணியை ஒதுக்கிக்கிட்டு. "யாரு? என்ன வேணும் பாட்டி?"

அம்மா தலையைத் தூக்கிப் பாத்தாங்க.

"ஒண்ணும் இல்ல மக்ளே. வழி தெரியாம வந்துட்டோம்."

"எங்க போவணும்?"

அம்மா நாகர்கோவில்னாங்க. அந்தப் பொண்ணு மேல இருந்தே கையைக் காட்டி, நேரா போய் ஆலமூட்டுல வலது பக்கம் திரும்பணும்னு நிதானமா வழி சொன்னாங்க. அம்மா அவங்க பிறந்து வளர்ந்த ஊர்ல அந்த வழியை முழுசா கேட்டு, சரி மக்ளேன்னு தலையாட்டிட்டு, வந்து வண்டியில ஏறினாங்க.

பழம் ரயில்ல வரைக்கும் அவங்க மடியிலயே இருந்துச்சு.